தமிழ் பிரெய்லாக்கமும் மெய்ப்பும்: தொழிலாகக் கற்க விரும்புவோருக்கு

ஒரு தமிழ்ப் பாடநூலை யூனிகோட் கோப்பாகக் கொடுத்தால் பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தான பிரெய்லாகக் கணினி அதைச் சில நொடிகளில் மாற்றிவிடும். அப்புறம் ஆள் எதற்கு? அந்த நொடிகளுக்கு முன்னால் பல நாள் வேலை இருக்கிறது, பின்னாலும் பல நாள் வேலை இருக்கிறது. கோப்பைச் சுத்தம் செய்வதும், படம், அட்டவணை, கோடிட்ட இடம் எல்லாவற்றையும் விரல் படிக்கும் வடிவுக்குக் கொண்டுவருவதும் முன்வேலை. அச்சான பக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பிடிப்பது பின்வேலை, அதுதான் மெய்ப்பு. ஆள் தேவைப்படுவது இந்த இரண்டுக்கும்தான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: குறியீட்டைக் கையால் எழுதிக் கற்றிருக்க வேண்டும். மென்பொருளில் தொடங்கியவர்கள், மென்பொருள் தவறும் இடத்தில் அது தவறு என்றே தெரியாமல் நிற்பார்கள்.

இந்த வழிகாட்டி தமிழ் பிரெய்லைப் பற்றியது. ஆங்கிலமும் கணிதமும் தேவைப்படும் அளவுக்கு மட்டும் பின்னால் வரும்.

யாருக்கு எந்த வேலை

பிரெய்லாக்கம் செய்பவருக்கு மூன்று தகுதிகள் போதும்: பிழையில்லாத தமிழ், கணினியில் சரளம், ஒரே மாதிரி வேலையை அலுக்காமல் செய்யும் குணம். பார்வை உள்ளவரும் செய்யலாம், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும், அதைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்ல் டிஸ்ப்ளேயும் பயன்படுத்தும் பார்வையற்றவரும் செய்யலாம். பக்கத்தில் படங்கள் நிறைய இருந்தால் மட்டும் பார்வை உள்ள ஒருவர் துணை வேண்டியிருக்கும்.

மெய்ப்பு அப்படியல்ல. அங்கே முதல் இடம் விரலால் சரளமாகப் படிக்கும் பார்வையற்றவருக்குத்தான். பார்வை உள்ளவர் கண்ணால் புள்ளிகளைப் பார்த்துப் பிழை பிடிக்கலாம். ஆனால் புள்ளி எழும்பாமல் மங்கியிருப்பதும், வரிகள் நெருங்கிக் கிடப்பதும் விரலுக்குத்தான் உடனே தெரியும். அச்சகங்களில் வழக்கமான ஏற்பாடு இருவர் இணை: ஒருவர் விரலால் பிரெய்லை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டே வருவார். பிரெய்ல் புதிதாகக் கற்கும் பார்வை உள்ளவர் இந்தத் தொழிலுக்குள் நுழைய மிக எளிய வாசல் இந்த இரண்டாவது நாற்காலிதான்.

முதல் படி: எழுத்துகள்

ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. கீழே 345 என்று வந்தால் 3, 4, 5 ஆகிய புள்ளிகள் எழும்பிய ஒரு கட்டம் என்று பொருள். தமிழ் பிரெய்ல் என்பது இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லின் ஒரு பகுதி. உயிர் 12, மெய் 18, ஆய்தம், கிரந்த எழுத்துகள் என்று மொத்தமே நாற்பதுக்குள் அடங்கிவிடும். 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி இல்லை.

உயிர்: அ 1, ஆ 345, இ 24, ஈ 35, உ 136, ஊ 1256, எ 26, ஏ 15, ஐ 34, ஒ 1346, ஓ 135, ஔ 246.

மெய்: க 13, ங 346, ச 14, ஞ 25, ட 23456, ண 3456, த 2345, ந 1345, ப 1234, ம 134, ய 13456, ர 1235, ல 123, வ 1236, ழ 12356, ள 456, ற 12456, ன 56. ஆய்தம் 6. கிரந்தத்தில் ஜ 245, ஷ 12346, ஸ 234, ஹ 125.

உயிர்மெய் எழுதுவது இப்படி: மெய்யின் கட்டம் முதலில், அதன் பின்னால் உயிரின் கட்டம். கா என்றால் 13, 345. அகரம் மட்டும் எழுதப்படாது. க என்றால் 13 மட்டுமே. அச்சில் கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கும் கொ, கோ போன்றவையும் இங்கே வெறும் இரண்டு கட்டம்தான்: மெய், அப்புறம் ஒ அல்லது ஓ.

தனி மெய்க்கு 4ஆம் புள்ளி மட்டும் உள்ள ஒரு கட்டம் வரும். அது எழுத்துக்கு முன்னால் வரும். க் என்றால் 4, அடுத்து 13. யூனிகோடிலும் கையெழுத்திலும் மெய்யின் புள்ளி எழுத்துக்குப் பின்னால் வந்து பழகிய நமக்கு, தொடக்கத்தில் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். ‘தமிழ்’ என்பதை எழுதிப் பாருங்கள்: 2345, 134, 24, 4, 12356. ஐந்து கட்டம். ‘வணக்கம்’ ஏழு கட்டம்: 1236, 3456, 4, 13, 13, 4, 134.

ஆங்கில பிரெய்ல் தெரிந்தவர்களுக்குப் பாதிப் பாடம் இலவசம். கே, எல், எம், என், பி, ஆர், டி, வி, ஒய் ஆகிய ஆங்கில எழுத்துகளின் புள்ளிகளே முறையே க, ல, ம, ந, ப, ர, த, வ, ய. மீதிப் பாதி தொல்லை கொடுக்கும். சுருக்கெழுத்து ஆங்கிலத்தில் 345 என்றால் ஏ, ஆர் இரண்டும் சேர்ந்த ஈரெழுத்து, 12356 என்றால் ‘ஆஃப்’ என்ற முழுச்சொல். விரல் அந்தப் பழக்கத்தில் ஓடினால் தமிழ் பிடிபடாது. சில வாரம் ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழை மட்டும் படிப்பது நல்லது.

கற்கும் வரிசைக்கு ஒரு யோசனை. முதல் வாரம் அ, இ, உ, ஏ, ஓ ஆகிய ஐந்து உயிரும், க, ச, த, ந, ப, ம, ர, ல, வ ஆகியவையும். இவ்வளவிலேயே நூற்றுக்கணக்கான சொற்கள் எழுதலாம். அடுத்த வாரம் மற்ற உயிர்களும் 4ஆம் புள்ளியும். மூன்றாவது வாரம்தான் ட, ண, ழ, ள, ற, ன. இந்த ஆறும் புள்ளி நெரிசலும் வலப்பக்கச் சாய்வும் உள்ளவை, ஒன்றோடொன்று குழம்பும். அதற்குப் பின் தினம் ஒரு பக்கம் செய்தித்தாளைப் பார்த்துக் கையால் எழுதுங்கள். எழுதியதை மறுநாள் படியுங்கள், அன்றே படித்தால் நினைவு படித்துவிடும்.

இரண்டாம் படி: கருவியும் கையும்

மலிவானது ஸ்லேட்டும் ஸ்டைலஸும், அதாவது கட்டங்கள் உள்ள சட்டமும் குத்தூசியும். காகிதத்தின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்திவிட்டுத் திருப்பிப் படிக்க வேண்டும். அதாவது எழுதும்போது 1, 2, 3 வலப்பக்கம் இருக்கும். இதில் கை மாறிப்போனால் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகும், தமிழில் அந்தப் பிம்பம் பல சமயம் இன்னொரு எழுத்தாகவே இருக்கும்: இ–ஏ, ஈ–எ, ஓ–ஔ, ல–ள, த–ஊ, உ–ங. பயிற்சி எழுத்தில் இந்த இணைகள் தலைகீழாக வந்தால் பிழை எழுத்தறிவில் இல்லை, கைத்திசையில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தொழிலுக்குப் பழக பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் தட்டச்சுக் கருவி சிறந்தது. ஆறு விசை, நடுவில் இடைவெளிப் பட்டை. இடக்கை ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு 1, 2, 3. வலக்கைக்கு அதேபோல் 4, 5, 6. சுமார் ஐந்து கிலோ எடை, ஒரு வரியில் 42 கட்டம் வரை போகும். காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட் இதைத் தயாரிக்கிறது. சிறப்புப் பள்ளிகளில் இரவல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். விசைகளை ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மோதிர விரல் பலவீனமானது. அது பிந்தினால் 3 அல்லது 6 விழாது, அல்லது மங்கலாக விழும்.

காசே செலவில்லாத வழி கணினி விசைப்பலகை. பெர்க்கி டக் என்ற இலவச மென்பொருளில் எஃப், டி, எஸ் விசைகள் 1, 2, 3 ஆகவும், ஜே, கே, எல் விசைகள் 4, 5, 6 ஆகவும் வேலை செய்யும். ஒன்று கவனிக்க வேண்டும்: மலிவான விசைப்பலகைகள் பல, ஒரே நேரத்தில் ஐந்தாறு விசை அழுத்தினால் ஒன்றிரண்டை விட்டுவிடும். ட (23456), ற (12456) தொடர்ந்து தவறாக வந்தால் விரலைக் குறை சொல்லும் முன் விசைப்பலகையை மாற்றிப் பாருங்கள்.

காகிதம் சாதாரண ஜெராக்ஸ் தாளாக இருக்கக் கூடாது. அதில் புள்ளி எழும்பும், இரண்டு முறை படித்தால் அமுங்கிவிடும். 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரை கனமுள்ள தாள் வேண்டும். சரியாக விழுந்த புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்.

பார்வை உள்ளவர்கள் கண்ணால் படிக்கும்போது விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கவாட்டில், தாளின் மட்டத்துக்குச் சற்று மேலே வைக்கவும். நிழல் விழுந்தால்தான் புள்ளி தெரியும். இருபுறம் அச்சான தாளில் மறுபக்கப் புள்ளிகள் குழியாகத் தெரிந்து குழப்பும், தொடக்கத்தில் ஒருபுறத் தாளில் பழகுவதே மேல்.

எம்பாசர் என்னும் பிரெய்ல் அச்சு இயந்திரத்தை இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டாம். விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். உங்களுக்கு வேலை கொடுப்பவரிடம் அது இருக்கும்.

மூன்றாம் படி: கோப்பைச் சுத்தம் செய்தல்

இந்தத் தொழிலின் உண்மையான உழைப்பு இங்கேதான். தமிழ் அச்சுத்துறையிலிருந்து வரும் கோப்புகள் பல பழைய எழுத்துருக்களில் இருக்கும்: பாமினி, டாப், டாம், ஸ்ரீலிபி என்று எத்தனையோ. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். பிரெய்ல் மென்பொருள் அதை அப்படியே ஆங்கிலமாக மாற்றிவைக்கும். முதலில் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு கருவியால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் தமிழ்ப் பத்திகளுக்கு நடுவே தனித்து நிற்கும் ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். மாறாமல் தப்பியவை அவை.

அடுத்து, கண்ணுக்குச் சரி, கணினிக்குத் தவறு என்ற வகை. இவற்றைக் கோப்பு முழுவதும் தேடி மாற்றாமல் பிரெய்லுக்குப் போகவே கூடாது.

ஔ என்ற ஓரெழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. ஔவையார் என்று இருக்க வேண்டியது பிரெய்லில் 246க்குப் பதில் 1346, 456 என்று விழுந்து ‘ஒளவையார்’ ஆகிவிடும்; விரலால் படிக்கும் பிள்ளைக்கு அது புரியாத சொல். கௌரவம், சௌகரியம் போன்றவற்றில் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டியதும் இதே கதை. பாடநூல்களில் இது சர்வசாதாரணம்.

துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும், குறிப்பாகப் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி மூலம் எடுத்த கோப்பில். ‘கரம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘காம்’ இருக்கும். பிழைதிருத்தி காட்டிக்கொடுக்காவிட்டால் ஆள்தான் படிக்க வேண்டும்.

கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம், நடுவே ஓர் இடைவெளிகூட நுழைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள், உடையா இடைவெளிகள் ஆகியவையும் உண்டு. லிப்லூயி என்ற பிரெய்ல் மாற்று நிரலை அடிப்படையாகக் கொண்ட மென்பொருள்கள், தமக்குத் தெரியாத எழுத்து வந்தால் அதன் யூனிகோட் எண்ணையே நீளமாகப் பொறித்துவிடும். பிரெய்ல் பக்கத்தில் திடீரென்று அர்த்தமில்லாத எண்ணும் எழுத்தும் கலந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்ரீ என்ற எழுத்தை வெவ்வேறு விதமாகத் தட்டும் வழக்கம் இருப்பதால் அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எண்கள் தனிக் கவனம் கேட்பவை. எண்குறி 3456, அதன் பின் ஆங்கில ஏ முதல் ஜே வரையான புள்ளிகள் 1 முதல் 0 வரை. அதே புள்ளிகள் தமிழில் அ, ச, ஏ, ஹ, இ, ஜ. எனவே எண்ணை ஒட்டி இந்த எழுத்துகள் வந்தால் அவையும் எண்ணாகவே படிக்கப்படும். ‘6அ’ பிரிவு 61 ஆகும். ‘5ஜி’ என்பது 15, 245, 24 என்று விழுந்து 509 ஆகும்! எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறுகோடோ இடைவெளியோ விட வேண்டும். எது என்பதை அச்சகத்தின் நடைமுறைப்படி முடிவு செய்து நூல் முழுக்க ஒரே மாதிரி வைக்கவும். ‘2ஆம்’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை, ஆகாரம் எந்த எண்ணோடும் மோதுவதில்லை.

ணகரமும் எண்குறியும் ஒரே புள்ளிகள். தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்காததால் ஓடும் பத்தியில் குழப்பம் வராது. இலக்கணப் பாடத்தில் ‘ண, ந, ன’ என்று தனியெழுத்துகளை அடுக்கும்போது வரும். அங்கே நின்று பாருங்கள்.

அகரம் எழுதப்படாது என்ற விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ‘மஇகா’ என்று புள்ளியில்லாமல் வரும் தலைப்பெழுத்துச் சுருக்கத்தை அப்படியே மாற்றினால் ‘மிகா’ என்று படிக்கும். ம என்பதற்குப் பின் 1ஐ எழுதி அகரத்தைக் காட்டினால்தான் இ தனி உயிராக நிற்கும்.

நான்காம் படி: பக்க அமைப்பு

பரவலான பக்க அளவு வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி. ஒரு வரி பக்க எண்ணுக்குப் போக 24 மிச்சம். தமிழ்ச் சொல் சராசரியாக எட்டுக் கட்டம் என்று வைத்தால் இடைவெளியோடு ஒன்பது. வரிக்கு நான்கு சொல், பக்கத்துக்கு ஏறக்குறைய 100 சொல். 250 சொல் கொண்ட அச்சுப் பக்கம் இரண்டரை பிரெய்ல் பக்கம் ஆகும். 200 பக்க நூல் 500 பக்கம், இருபுற அச்சில் 250 தாள், அதாவது மூன்று தொகுதி. வேலை ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

பத்தி மூன்றாவது கட்டத்தில் தொடங்கும், தொடரும் வரிகள் முதல் கட்டத்தில். தலைப்பு நடுவில், முன்னும் பின்னும் வெற்று வரி. செய்யுளில் இது தலைகீழ்: ஒவ்வோர் அடியும் முதல் கட்டத்தில் தொடங்கும், ஒரே வரியில் அடங்காத அடியின் மிச்சம் மூன்றாவது கட்டத்தில் வரும். அடி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். தவிர்க்கவே முடியாமல் உடைத்தால் 4ஆம் புள்ளியையும் அதன் மெய்யையும் பிரிக்கக் கூடாது; மெய்யையும் அதன் உயிரையும் பிரிக்கக் கூடாது. தலைப்பு பக்கத்தின் கடைசி வரியில் தனியாக நிற்கக் கூடாது.

அட்டவணையில் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) இருந்தால் 40 கட்டத்துக்குள் அடங்காது. ஒவ்வொரு வரிசையையும் பட்டியலாகப் பிரித்து, ‘ஊர்: …, மழையளவு: …’ என்று எழுதுவதே நடைமுறை. ‘பொருத்துக’ வினாவில் இரண்டு பத்திகளைப் பக்கம் பக்கமாக வைக்காமல் முதல் பத்தி முழுவதும் எண்களோடு, அதன் கீழே இரண்டாவது பத்தி எழுத்துகளோடு வைத்தால் விரல் அலைய வேண்டாம். படம் வந்தால் மூன்று வழி: அலங்காரம் என்றால் விட்டுவிடலாம், கருத்து உள்ளது என்றால் இரண்டு மூன்று வரி விளக்கம், வரைபடம், வடிவியல் உருவம் என்றால் தொட்டுணரும் படம் தனியாகச் செய்ய வேண்டும், அது தனிக் கலை. ‘மேலே உள்ள வண்ணப் படத்தைப் பார்’ என்ற வாக்கியத்தை அப்படியே விட்டுவைத்து, படத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் போவதுதான் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய துரோகம். நீங்களாகச் சேர்க்கும் விளக்கம் எதுவும் நூலாசிரியருடையதல்ல என்று தெரியும்படி பிரெய்லாக்குநர் குறிப்பு என்று அடையாளமிட வேண்டும்.

மாற்றும் வேலைக்கு டக்ஸ்பரி கட்டண மென்பொருள், தமிழ் உண்டு. பிரெய்ல் பிளாஸ்டர் இலவசம், லிப்லூயியை அடிப்படையாகக் கொண்டது. எதில் செய்தாலும் முதலில் ஐந்து பக்கம் மட்டும் மாற்றி, மேலே சொன்ன ஔகாரம், எண், தலைப்பெழுத்து ஆகியவற்றைச் சோதித்துவிட்டு முழுநூலுக்குப் போகவும். முடிவில் கிடைக்கும், பிரெய்ல் அச்சுக்குப் போகும் பிஆர்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். கெட்டுப்போகவில்லை, அதன் வடிவமே அதுதான். அதிலேயே ஒரு நல்ல சோதனை உண்டு: 4ஆம் புள்ளி அங்கே @ என்று தெரியும். @ குறிக்கு அடுத்து இடைவெளியோ வரி முடிவோ இன்னொரு @ குறியோ வந்தால் அங்கே நிச்சயம் பிழை. ஐந்து நிமிடத்தில் நூல் முழுவதும் தேடிவிடலாம்.

ஐந்தாம் படி: மெய்ப்பு

இரண்டு சுற்று தேவை. முதல் சுற்று திரையிலோ பிரெய்ல் டிஸ்ப்ளேயிலோ. எழுத்துப்பிழை, விடுபட்ட வரி, அமைப்பு ஆகியவற்றுக்கு. இரண்டாவது சுற்று தாளில், விரலால். இரண்டாவதைச் செலவு என்று நினைத்துத் தவிர்க்கும் இடங்கள் உண்டு. இயந்திரம் செய்யும் பிழை திரையில் தெரியாது என்பதால் அந்தச் சிக்கனம் பலிக்காது.

ஒரு புள்ளி குறைந்தால் தமிழில் என்ன ஆகும் என்று பாருங்கள். ழகரத்தில் 6 விழாவிட்டால் ரகரம்: ‘வழி’ என்பது ‘வரி’ ஆகும். டகரத்தில் 6 போனால் தகரம்: ‘மடி’ என்பது ‘மதி’. ளகரத்தில் 4 போனால் னகரம்: ‘அவள்’ ‘அவன்’ ஆகிவிடுவாள். மூன்றுமே நல்ல தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. பொருளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அல்லது மூலத்தோடு ஒப்பிட்டு. இதனால்தான் மெய்ப்புப் பார்ப்பவர் வேகமாக வாசிக்கக் கூடாது என்பார்கள். பழகிய வாசகரின் விரல் சொல்லை ஊகித்துக்கொண்டு ஓடும், மெய்ப்பில் அந்தத் திறமையே எதிரி.

இணையாகப் படிக்கும்போது பிரெய்ல் படிப்பவர் நிறுத்தக்குறிகளையும் சொல்ல வேண்டும்: காற்புள்ளி, புள்ளி, மேற்கோள் தொடக்கம், பத்தி, பக்க எண். ல–ள–ழ, ர–ற, ந–ன–ண ஆகியவற்றை வாயால் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியாதவர்கள் சந்தேகமுள்ள சொல்லில் எழுத்தின் பெயரையே சொல்லிவிடலாம். ‘சின்ன ர’, ‘பெரிய ற’ என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வல்லினம் மிகுவதையும் கேட்டுக்கொண்டே வர வேண்டும். ‘அதைப் படித்தான்’ என்பதில் ப் விடுபட்டால் காது பெரும்பாலும் கவனிக்காது. பார்ப்பவரும் படிப்பவரும் மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவது நல்லது, விரல் நுனி மரத்தால் மங்கல் புள்ளிகள் தப்பிவிடும்.

பிழைப் பட்டியலை இந்த வடிவில் எழுதுங்கள்:

தொகுதி 2, பக்கம் 37, வரி 14: ‘மதி’ என்றுள்ளது, ‘மடி’ வேண்டும். வகை: இயந்திரம்.

கடைசியில் உள்ள வகை என்ற சொல் முக்கியம். பிழைகள் நான்கு இடங்களிலிருந்து வரும்: மூல நூல், கோப்பு, அமைப்பு, இயந்திரம். மூல நூலின் பிழையை நீங்களாகத் திருத்தக் கூடாது, குறித்து அனுப்புங்கள், முடிவு பதிப்பாளருடையது. கோப்புப் பிழை என்றால் அந்தச் சொல் நூலில் வேறெங்கும் வருகிறதா என்று தேட வேண்டும், ஓர் ‘ஒளவை’ கிடைத்தால் இருபது இருக்கும். இயந்திரப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஆறு புள்ளியும் நிறைந்த கட்டங்களால் ஒரு முழு வரியை அச்சிட்டுத் தடவிப் பாருங்கள். ஒரே புள்ளி எல்லாக் கட்டத்திலும் மங்கலாக இருந்தால் ஊசியோ சுத்தியோ தேய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் என்றால் தாளில் தூசியோ மடிப்போ இருந்திருக்கும், அந்தப் பக்கத்தை மறுபடி அச்சிட்டால் போதும்.

திருத்தியபின் இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு கட்டம் கூடினாலும் சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படலாம், வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படலாம், அதன்பின் எல்லாப் பக்க எண்ணும் பொருளடக்கமும் பிசகும். திருத்திய இடத்திலிருந்து பக்கக் கடைசி வரை திரும்பப் படித்து, பக்கம் அதே சொல்லில் முடிகிறதா என்று உறுதி செய்யவும். அதே சொல்லில் முடிந்தால் அந்த ஒரு தாளை மாற்றலாம். அப்படி முடியாவிட்டால் அந்த அத்தியாயமே மறு அச்சு.

ஆங்கிலமும் கணிதமும்

தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும், ஆனால் குறைவாக. பாடநூலில் ஆங்கிலச் சொற்கள் வந்தே தீரும். ஆங்கிலத்துக்கு யுஇபி எனப்படும் ஒருங்கிணைந்த பிரெய்ல் கற்க வேண்டும். அதில் 180 சுருக்கங்கள் உண்டு. யுஇபி ஆன்லைன் என்ற ஆஸ்திரேலியப் பயிற்சித் தளம் இலவசம், பார்வை உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் தனித்தனி வடிவம் உண்டு. தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொல் வரும்போது சுருக்கமாக எழுதுவதா, விரித்து எழுதுவதா என்பதை வேலை தருபவரிடம் முதலிலேயே கேளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்குறியும் தமிழ் ஆய்தமும் ஒரே 6ஆம் புள்ளி, மொழி மாறும் இடம் தெளிவாக இல்லாவிட்டால் வாசகர் தடுமாறுவார்.

கணிதத்துக்கு நெமெத் குறியீடு தனியாகக் கற்க வேண்டியது. தமிழில் நன்றாகத் தேறியபின் எடுத்துக்கொள்ளலாம், அவசரம் வேண்டாம்.

வேலை, கூலி, சட்டம்

முழுநேரப் பணியிடங்கள் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். டேராடூனில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம், பூவிருந்தவல்லியில் உள்ள அதன் மண்டல மையம், பிரெய்ல் அச்சகங்கள், பூவிருந்தவல்லி, பாளையங்கோட்டை போன்ற ஊர்களின் சிறப்புப் பள்ளிகள், பல்கலைக்கழக உதவி மையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவைதான் கதவு தட்ட வேண்டிய இடங்கள். வேலை பெரும்பாலும் பக்கக் கணக்கில், பாடநூல் பருவத்தில் குவிந்து வரும். மொழிபெயர்ப்பு, அச்சு மெய்ப்பு, சிறப்பாசிரியர் பணி போன்ற இன்னொரு வருமானத்தோடு சேர்த்துச் செய்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அமெரிக்காவில் வாழ்பவர்கள் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்தின் தேசிய நூலகச் சேவை வழங்கும் ஆங்கில பிரெய்ல் சான்றிதழுக்கு முயலலாம். பாடங்களை முடித்தபின் 35 பிரெய்ல் பக்கங்கள் கொண்ட ஒரு படியைத் தயாரித்து அனுப்ப வேண்டும்.

கூலி பேசும்போது ‘பக்கம்’ என்பது அச்சுப் பக்கமா பிரெய்ல் பக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். மேலே போட்ட கணக்கின்படி இரண்டுக்கும் இரண்டரை மடங்கு வித்தியாசம். பழைய எழுத்துருவை மாற்றுவது, தட்டச்சு செய்வது, படவிளக்கம் எழுதுவது ஆகியவை அந்தக் கூலிக்குள் அடங்குமா, எத்தனை திருத்தச் சுற்று, அச்சுச் செலவு யாருடையது என்பனவும் அதே தாளில் இருக்கட்டும்.

பதிப்புரிமை பற்றிப் பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்தின்படி, 52ஆம் பிரிவின் கீழ், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவுக்கு நூலை மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. லாப நோக்கின்றி, செலவை மட்டும் ஈடுகட்டிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் அந்த விலக்கு உண்டு. பார்வையற்றோருக்கு நூல்கள் எளிதில் கிடைக்கச் செய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் அதே சுத்தமான யூனிகோட் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பகிர்வது விலக்குக்குள் வராது. கோப்பு உங்களிடமும் வேலை தந்தவரிடமும் மட்டும் இருக்க வேண்டும்.

வேலை கேட்டுப் போகும்போது மாதிரி ஒன்று கையில் இருப்பது சான்றிதழைவிடப் பயன்படும். பத்து பிரெய்ல் பக்கம் போதும்: இரண்டு பக்கம் உரைநடை, ஒரு பக்கம் செய்யுள், ஓர் அட்டவணை, ஒரு பொருத்துக, எண்கள் நிறைந்த ஒரு பத்தி, ஆங்கிலம் கலந்த ஒரு பத்தி, படவிளக்கம் ஒன்று. கூடவே அச்சு மூலமும், நீங்கள் கண்டுபிடித்த பிழைகளின் பட்டியலும். எடுத்துப்போகும் முன் பிரெய்ல் நன்றாகப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் தயங்கும் இடங்களில் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களை மறுபடி அச்சிட்டுக் கட்டுங்கள்.